மூச்சு யாருடையது?

ஒருவர் இறந்துவிட்டார் என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? வினா எளிதுபோலத் தோன்றும். தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார்கள். மார்பில் காதைப் பொருத்திக் கேட்டார்கள். "மூச்சு அடங்கிவிட்டது" என்று ஒருவர் சொன்னதும் ஒப்பாரி எழுந்தது. நம் மொழியும் இந்த முடிவையே தன்னுள் பதித்து வைத்திருக்கிறது. உணர்விழந்து கிடப்பவரைப் "பேச்சு மூச்சு இல்லை" என்கிறோம். தனித்து இயங்கவல்ல எழுத்தை உயிர் என்றும், அதன் துணையின்றி ஒலிக்கமாட்டாத எழுத்தை மெய் என்றும் நம் இலக்கணத்தார் பெயரிட்டனர். எழுத்தொலியின் பிறப்பைக் கூறப் புகுந்த தொல்காப்பியரும் உந்தியிலிருந்து எழும் காற்றிலிருந்தே தொடங்கினார். மூச்சே உயிர், அது நின்றால் இறப்பு: இதில் ஐயத்துக்கு இடமேது என்றே நம் முன்னோர் கருதினர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த உறுதி குலைந்தது. நின்றுபோன மூச்சை வெளியிலிருந்து கொடுக்கலாம் என்று மனிதன் கண்டுகொண்டான். அன்றுமுதல் இறப்பு என்பது கண்டு சொல்லும் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. ஆராய்ந்து தீர்ப்பளிக்கும் விடயமாயிற்று. அத்தீர்ப்பு மண்டையோட்டின் அடியிலே, கழுத்தோடு சேரும் இடத்திலே மறைந்திருக்கும் விரலளவான ஓர் உறுப்பைப் பற்றியதாயிற்று. அவ்வுறுப்பே மூளைத்தண்டு. அதை அறிவது மருத்துவருக்கு மட்டும் உரிய வேலையன்று. எவர் இறந்தார், எவர் இறக்கவில்லை, அதைச் சொல்லும் அதிகாரம் எவருக்கு உண்டு, அந்த அதிகாரத்துக்கு ஈடாக அவர் என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்னும் அறவினாக்கள் யாவும் அந்தச் சிறு தண்டைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

முதலில் உறுப்பை நோக்குவோம். மூளையின் பெரும்பகுதியாகிய மூளையத்தையும் முதுகெலும்பினூடே இறங்கும் முண்ணாணையும் இணைக்கும் தண்டு அது. ஏழெட்டுச் சென்ரிமீற்றர் நீளமே இருக்கும். மேலிருந்து கீழாக மூன்று பகுதிகள்: நடுமூளை, வரோலியின் பாலம், நீள்வளைய மையவிழையம். இறுதியிற் கூறியதைத் தமிழகத்துப் பாடநூல்கள் முகுளம் என்று வழங்குகின்றன. அச்சிறு சொல்லையே இங்கு நாமும் கொள்வோம். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளுள் பத்துச் சோடிகள் இத்தண்டிலிருந்தே கிளைக்கின்றன. கண்ணைச் சுழற்றுவதும், ஒளி பட்டதும் கண்மணியைச் சுருக்குவதும், முகத்தைச் சுளிப்பதும், உணவை விழுங்குவதும், இருமுவதும் இவற்றின் வழியாகவே நிகழ்கின்றன. மூளையத்திலிருந்து கைகால்களுக்குச் செல்லும் கட்டளை நார்கள் யாவும் இத்தண்டினூடாகவே இறங்கவேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை முகுளத்தில் இடம் வலமாக மாறுகின்றன. மூளையின் இடப்பக்கம் பழுதுற்றால் உடலின் வலப்பக்கம் செயலிழப்பது இதனாலேயே.

இவற்றினும் பெரிய பணிகள் இரண்டு உண்டு. தண்டின் நடுவே, குறிப்பாக அதன் மேற்பாதியில், வலைபோலப் பின்னிய நரம்புக்கலங்களின் தொகுதி ஒன்று மூளையம் முழுவதையும் விழிப்பு நிலையில் வைத்திருக்கிறது. 1949இல் மொருசி, மகூன் என்னும் அறிஞர் இருவர் இதனை நிறுவினர். மூளையத்தை ஆயிரம் விளக்குகள் கொண்ட மண்டபம் என்றால், அவ்விளக்குகளுக்குரிய ஆளி இங்கே இருக்கிறது. மற்றது மூச்சு. முயல்களின் மூளையைப் படிப்படியாக அரிந்து சென்ற பிரெஞ்சு வைத்தியர் லெகலுவா, முகுளத்தின் ஒரு சிறு பகுதி அழிந்தவுடனே மூச்சு நிற்பதை 1811இல் கண்டார். அங்கே சில ஆயிரம் நரம்புக்கலங்கள் கூடி மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கின்றன என்று இன்று அறிகிறோம். உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போர் அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஒன்றாய் இழுப்பதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் எடுக்க, மற்றவர் தொடுக்க, அனைவரும் ஒரே கணத்தில் இழுத்து, ஒரே கணத்தில் தளர்த்தி, மீண்டும் இழுக்கின்றனர். முகுளத்தின் கலங்களும் அவ்வாறே ஒன்றையொன்று தூண்டி, பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை, நாம் உறங்கும்போதும் ஓயாமல் இழுக்கின்றன.

இத்தாளத்தை நாம் சிறிது நேரம் நிறுத்தலாம். என்றென்றைக்கும் நிறுத்த முடியாது. சிலாபக் கடலிலும் மன்னார்க் கடலிலும் அக்காலத்தில் முத்துக்குளித்தவர்கள் கல்லைப் பற்றிக்கொண்டு கீழிறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கினர். அடக்கிய மூச்சினால் குருதியில் காபனீரொட்சைட்டு பெருகும். அதனை முகுளம் உணரும். "எழு, மூச்சு விடு" என்று வருத்தும். எத்துணை உறுதியுடையவரும் அக்கட்டளையை மீறித் தம் மூச்சை அடக்கியே தம்மைக் கொன்றுகொள்ள இயலாது. ஆனால் இறங்குமுன் பன்முறை விரைந்து மூச்சிழுத்துக் காபனீரொட்சைட்டைக் குறைத்துக்கொண்டால், அந்த எச்சரிக்கை தாமதிக்கும்; ஒட்சிசன் தீர்ந்து, வேதனை எதுவுமின்றியே நீருக்குள் உணர்விழக்க நேரும். நம்முள் இருந்து நம்மைக் காப்பது நமது துணிவோ அறிவோ அன்று, பெயரறியாத அந்தக் காவலே என்பதைக் கடல் கற்பிக்கிறது.

சிந்தனை, கவிதை, காதல், அரசியல் ஆகிய யாவும் மேலேயுள்ள மூளையத்தில் நிகழ்கின்றன. அவற்றைத் தாங்கி நிற்பதோ, தானாக எதையும் சிந்திக்காத இந்தத் தண்டு. ஓரறிவுயிரிலிருந்து ஆறறிவுயிர் வரை உயிர்களை வகுத்து, மனத்தை ஆறாவது அறிவாகத் தொல்காப்பியம் மேலே வைத்தது. அந்த ஆறாவது அறிவு நிற்பதற்கு நிலம் தந்திருப்பது, மீனுக்கும் பாம்புக்கும் நமக்கும் பொதுவாக உள்ள பழைய உறுப்பு ஒன்று என்பதை நினைவிற்கொள்வது நம் செருக்குக்கு நல்ல மருந்து.

*

1952ஆம் ஆண்டு, டென்மார்க்கின் தலைநகர் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. அந்நோய் சிலரில் முண்ணாணை மட்டுமன்றி மூளைத்தண்டையும் தாக்கியது. விழுங்க முடியாமலும் மூச்சுவிட முடியாமலும் சிறுவர்கள் இறந்தனர். மூச்சு நலிந்து, யந்திரத்துள் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அப்போது பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், நோயாளியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செலுத்தி, இறப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்திக் காற்றை உட்செலுத்தலாம் என்று காட்டினார். மூச்சுத் தருவதற்கு அவ்வளவு யந்திரங்கள் நகரில் இல்லை. எனவே மருத்துவ மாணவர்களை அழைத்தனர். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், வாரக்கணக்காகக் கட்டிலருகே அமர்ந்து பையை அழுத்தினர். ஒரு சிறுவனின் முகுளம் செய்யவேண்டிய வேலையை ஒரு மாணவனின் கைகள் செய்தன. இறப்பு விகிதம் பாதிக்கும் கீழாக விழுந்தது. இன்று உலகெங்கும் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கம் அதுவே.

இந்நிகழ்ச்சியை நம் மாணவர்கள் அறியவேண்டும். மூச்சு என்பது தனிமனிதன் தன்னுள்ளே பூட்டி வைத்திருக்கும் உடைமை என்ற எண்ணம் அங்கே உடைந்தது. ஒருவரின் மூச்சை இன்னொருவர் சுமக்கலாம் என்பது அங்கே மெய்ப்பிக்கப்பட்டது. மூச்சு நின்றவர் இறந்தவர் என்பது பொய்யாயிற்று. மூச்சு நின்றவர் நம்மிடம் கடன் கேட்கும் மனிதர் என்பதே உண்மையாயிற்று.

கைகளின் இடத்தை யந்திரம் பிடித்தபோது புதிய நிலையொன்று தோன்றியது. யந்திரம் மூச்சுத் தர, இதயம் துடிக்க, உடல் சூடாயிருக்க, மூளை முழுவதும் அழிந்துபோன நோயாளர் சிலரை 1959இல் பாரிஸ் வைத்தியர்களான மொல்லரேயும் கூலோனும் விவரித்தனர். ஆழ்மயக்கத்துக்கும் அப்பாற்பட்ட நிலை என்று அதற்குப் பெயரிட்டனர். 1968இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் குழு அதனை இறப்பாகக் கொள்ளலாம் என்றது. 1976இல் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகள் மூளைத்தண்டின் இறப்பை அறியும் முறைகளை வகுத்தன. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கையும், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவும் இக்கருத்தை ஏற்றன.

சோதனைகள் எளியவை, ஆயினும் கண்டிப்பானவை. நஞ்சோ மருந்தோ கடுங்குளிரோ காரணமல்ல என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் கண்ணில் ஒளியைப் பாய்ச்சுவர், கண்மணி சுருங்குகிறதா? விழியைப் பஞ்சால் தொடுவர், இமை மூடுகிறதா? காதில் குளிர்நீரைச் செலுத்துவர், விழிகள் திரும்புகின்றனவா? தொண்டையைத் தூண்டுவர், குமட்டலோ இருமலோ உண்டா? இறுதியாக, ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டே யந்திரத்தை நிறுத்திவிட்டு, குருதியில் காபனீரொட்சைட்டு ஏறுவதை அளந்தபடி நெஞ்சைப் பார்த்துக் காத்திருப்பர். முத்துக்குளிப்பவரை மேலே எழச்செய்த அதே எச்சரிக்கை இங்கே உச்சத்தில் ஒலிக்கிறது. கேட்பதற்கு முகுளம் இல்லையென்றால் நெஞ்சு அசையாது. இந்தியச் சட்டப்படி, நான்கு பேர் கொண்ட மருத்துவர் குழு இச்சோதனைகளை ஆறு மணி நேர இடைவெளிவிட்டு இருமுறை செய்யவேண்டும்.

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "இதயம் துடிக்கிறது, உடம்பு சுடுகிறது, பிறகு எப்படி சேர் பிணம் என்று சொல்லலாம்?" அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. உடலின் கலங்கள் எல்லாம் ஒரே கணத்தில் இறப்பதில்லை. இறப்பு ஒரு புள்ளியன்று, ஒரு போக்கு. அப்போக்கில் எங்கே கோடு வரைவது என்பதை மனிதரே தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. கோடு இயற்கை வரைந்ததன்று. எனினும் மனம்போன போக்கில் வரைந்ததுமன்று. இனி ஒருபோதும் உணர்வு திரும்பாது, இனி ஒருபோதும் தானாக மூச்சு எழாது என்னும் இரண்டும் ஒருங்கே உறுதியாகும் இடத்தில் அது வரையப்பட்டுள்ளது. அவ்விரண்டும் ஒருங்கே குடியிருக்கும் இடம் மூளைத்தண்டு. ஒன்று மட்டும் போதாது. இதை மூன்று நிலைகளைக் கொண்டு விளக்கலாம்.

முதலாவது, கட்டுவிரியன் தீண்டியவர். நம் வரண்ட வலயத்தில் இது எவரும் அறியாத செய்தியன்று. இரவில் தரையிற் பாய் விரித்து உறங்குபவரையே அப்பாம்பு பெரும்பாலும் கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரிதாக இருப்பதில்லை. விடியுமுன் இமைகள் சரிகின்றன, நாக்குத் தடிக்கிறது, பின்னர் மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. கைகால் அசையாது, கண் திறவாது, சில வேளைகளில் ஒளிக்குக் கண்மணியும் சுருங்காது. பார்ப்பவர் பிணம் என்றே சொல்வர். ஆனால் நஞ்சு தாக்கியது நரம்பும் தசையும் சேரும் இடத்தையே. மூளைத்தண்டு உள்ளே நலமாயிருக்கிறது, மூச்சு விடு என்று கட்டளையிட்டுக்கொண்டேயிருக்கிறது. கேட்பதற்குத் தசைதான் இல்லை. செயற்கை மூச்சைச் சில நாள்கள் தொடர்ந்து கொடுத்தால், இத்தகையவர் எழுந்து வீட்டுக்கு நடந்து செல்லலாம்.

இரண்டாவது, பாலத்தின் முன்பகுதி மட்டும் அழிந்தவர். 1995இல் பிரெஞ்சு இதழாசிரியர் ஜோன்-தொமினிக் போபிக்கு இது நேர்ந்தது. உணர்வும் நினைவும் முழுமையாக இருந்தன; உடல் மட்டும் அசையவில்லை. அசையக்கூடிய இடது கண்ணிமையை அடித்து அடித்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து, ஒரு நூலையே அவர் சொல்லி எழுதுவித்தார். 1997இல் அந்நூல் வெளிவந்தது. அசையாதிருப்பது இறப்பன்று.

மூன்றாவது, மூளையம் அழிந்தும் மூளைத்தண்டு எஞ்சியவர். 1973இல் மும்பாயின் கே.ஈ.எம். மருத்துவமனையில் கொடுந்தாக்குதலுக்கு உள்ளான தாதி அருணா ஷான்பாக், நாற்பத்திரண்டு ஆண்டுகள் அங்கேயே படுக்கையிற் கிடந்தார். அவர் தானாக மூச்சுவிட்டார், கண் விழித்தார், உறங்கினார். அவர் மூளை இறந்தவர் அல்லர் என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகக் கூறியது. அவரைச் சாகவிட வேண்டும் என்ற மனுவை ஏற்கவில்லை. 2015இல் அவர் இறக்கும்வரை, தலைமுறை மாறி வந்த தாதியர்கள் அவரைத் தம் உடன்பிறந்தாளாகப் பேணினர். ஆறாவது அறிவை இழந்தவர் மனிதர் அல்லர் என்று சொல்வோருக்கு அந்தத் தாதியர் தம் கைகளால் மறுமொழி எழுதினர்.

இம்மூவரும் உயிருள்ளவர்கள். மூளைத்தண்டு அழிந்தவரோ, தோற்றத்தில் இவர்களைவிட உயிர்ப்புள்ளவராகத் தோன்றலாம், எனினும் இறந்தவர். கண்ணால் காண்பது இங்கே ஏமாற்றுகிறது. பிணம்போல் கிடப்பவர் உயிருடனும், உறங்குபவர்போல் கிடப்பவர் பிணமாகவும் இருக்கக்கூடும் என்னும்போது, தீர்ப்பளிப்பவரின் அறிவும் நேர்மையுமே நமக்கு மிஞ்சும் காப்பு.

*

இங்கேதான் சமுதாயம் உள்ளே நுழைகிறது. 1967 திசெம்பர் 3ஆம் நாள் கேப்டவுனில் கிறிஸ்ரியன் பார்னாட் முதன்முதலாக மனித இதயத்தை மாற்றிப் பொருத்தினார். ஒரு மாதம் கழித்து, 1968 சனவரி 2ஆம் நாள், அவர் செய்த அடுத்த சிகிச்சையில் இதயத்தைத் தந்தவர் கிளைவ் ஹோப்ற். நிறவெறிச் சட்டத்தால் "கலப்பினத்தவர்" என்று ஒதுக்கப்பட்ட இளைஞர். பெற்றவர் வெள்ளையர். உயிரோடு இருந்தபோது ஒரே கடற்கரையில் அருகருகே குளிக்கவும் அவ்விருவருக்கும் சட்டம் இடந்தரவில்லை. ஒருவரின் இதயம் மற்றவரின் நெஞ்சுக்குள் துடிப்பதற்கு மட்டும் தடையிருக்கவில்லை.

அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் புரூஸ் ரக்கர் என்னும் கறுப்பினத் தொழிலாளி விழுந்து தலையில் அடிபட்டார். மறுநாள் அவர் யந்திரத்திலிருந்து எடுக்கப்பட்டார். இதயம் வெள்ளையர் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. நகரிலேயே கடை வைத்திருந்த அவருடைய சகோதரருக்கு எவரும் அறிவிக்கவில்லை. ஹார்வார்ட் குழுவின் அறிக்கை அப்போது வெளிவரவும் இல்லை. அம்மாநிலத்தில் மூளை இறப்பை ஏற்கும் சட்டமும் இல்லை. 1972இல் யூரிமார் வைத்தியர்களின் பக்கமே தீர்ப்பளித்தனர்.

எனவே, "இந்த வரைவிலக்கணமே உறுப்புகளைப் பறிப்பதற்காகப் பணக்காரர் செய்த சூழ்ச்சி" என்று சிலர் கூறுகின்றனர். அவ்வாறு சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பாரிஸ் வைத்தியர்கள் அந்நிலையைக் கண்டது முதல் இதயமாற்றுக்கு எட்டு ஆண்டுகள் முன்னர். உறுப்பு மாற்றம் என்ற ஒன்றே இல்லாதிருந்தாலும், அழிந்த மூளையுடைய உடலுக்கு யந்திரத்தால் காற்றடித்துக்கொண்டிருப்பதா என்ற வினா எழுந்தே தீரும். ஆயினும் ஐயம் வெறும் அறியாமையிற் பிறந்ததன்று. சென்னையின் வில்லிவாக்கத்தில் கடனில் மூழ்கிய ஏழைகள் தம் சிறுநீரகத்தை விற்றதனால் அவ்வூருக்கே மக்கள் "கிட்னிவாக்கம்" என்று பெயரிட்டனர். நம் நாட்டிலும் சிறுநீரக வாணிபக் குற்றச்சாட்டுகள் எழுந்ததையடுத்து, 2016இல் வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையை அரசு தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. வாழும்போதே ஏழையின் உடலை விலைபேசும் சமுதாயம், அவன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கும்போது, அதை அவன் மனைவி எப்படி உடனே நம்புவாள்?

நம் கரையோரத்தை நோக்குவோம். கற்பிட்டியிலிருந்து புத்தளம் வைத்தியசாலைக்குத் தரைவழி ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். பத்தலங்குண்டுத் தீவில் வாடி அமைத்துத் தொழில் செய்வோர் முதலில் படகேற வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பாலோர் இம்மாவட்டத்திலேயே கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காகத் தரையில் உறங்கினர். உப்பளத்திலும் தோட்டத்திலும் உழைப்போர் இன்றும் பலர் அவ்வாறே உறங்குகின்றனர். ஒரு கட்டிலும் ஒரு நுளம்புவலையும் கட்டுவிரியனிடமிருந்து பெருமளவு காக்கும். அவற்றையும் வாங்க முடியாதவருக்கே அந்நஞ்சு வாய்க்கிறது. நஞ்சுமுறி மருந்து இந்தியாவிலிருந்து நமக்கு வருகிறது. அங்கே அதற்குரிய நஞ்சை எடுத்துத் தருவோருள் முக்கியமானவர்கள், 1978இல் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைத்த செங்கல்பட்டுப் பகுதி இருளர்கள். ஆனால் கட்டுவிரியன் நஞ்சு ஒருமுறை தசையை முடக்கிய பின்னர் மருந்து மட்டும் அதை மீட்பதில்லை. மூச்சுத் தரவேண்டும், வைத்தியசாலை சேரும்வரை எவராவது பையை அழுத்தவேண்டும், சேர்ந்த பின்னர் யந்திரமும் கட்டிலும் தாதியும் இருக்கவேண்டும். 2016இல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை இத்தூரத்தைச் சுருக்கிய நல்ல காரியம். மணற்பாதையின் முடிவிலும் கடலுக்கு அப்பாலும் இருப்பவர் இன்னும் காத்திருக்கவேண்டியவரே.

அரசாங்கமும் மருத்துவமும் மூளைத்தண்டைச் சோதித்து "இவர் இறந்தார்" என்று அறிவிக்கும் உரிமையைச் சட்டத்தால் பெற்றுவிட்டன. அவ்வுரிமையை நான் மறுக்கவில்லை. அது விஞ்ஞானத்தின் மேல் நிற்கிறது. ஆயினும் அதற்கு முந்திய கடமை ஒன்று உண்டு. மூச்சு மட்டும் நின்றவர் எவரையும் இறந்தவர் ஆகவிடாமல் தாங்குவதே அக்கடமை. யந்திரம் கிடைக்காததால் மாண்ட கட்டுவிரியன் நோயாளியின் முகுளம், இறுதிவரை உயிரோடிருந்தே, கட்டளையிட்டுக்கொண்டேயிருந்தே அழிந்தது. அவரைக் கொன்றது நஞ்சு மாத்திரமா? அவர் இருந்த இடத்துக்கும் யந்திரம் இருந்த இடத்துக்கும் இடைப்பட்ட தூரமும் கொன்றது. அத்தூரத்தை வகுத்தது பாம்பன்று. இறப்பைச் சொல்லும் உரிமை பிந்தியது. மூச்சுக் கொடுக்கும் கடமை முந்தியது. கடமையைச் செய்யாதவர் உரிமையைக் கொண்டாடும்போதே மக்கள் ஐயுறுகின்றனர்.

நம்பிக்கை எவ்வாறு குலைகிறது என்பதை இம்மாவட்டத்து மக்கள் அண்மையிலேயே கண்டனர். கொரோனாத் தொற்றில் இறந்தோரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020இல் முஸ்லிம்களின் சடலங்களும் கட்டாயமாக எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரியிலேயே அக்கட்டளை நீக்கப்பட்டது. 2024இல் அரசு மன்னிப்புக் கோர முடிவுசெய்தது. இறந்தவரின் உடலை அவமதித்த அதிகாரம், மறுநாள் அதே மக்களிடம் வந்து "உங்கள் மகனின் உறுப்புகளைத் தாருங்கள்" என்று கேட்க எந்த முகத்தோடு வரும்?

நம்பிக்கையை வளர்க்கவும் முடியும் என்பதற்குச் சான்றுகள் இல்லாமலில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம், சாதாரண மக்களின் நல்லெண்ணத்தின் மேலேயே எழுந்தது. 1964 முதல் இச்சிறு நாட்டின் கண்கள் கடல்கடந்து சென்று பார்வை தந்தன. தமிழகத்தில் 2008 செப்டெம்பரில் விபத்தில் மூளை இறந்த பதினைந்து வயது மாணவன் ஒருவனின் உறுப்புகளை, மருத்துவர்களாகிய அவன் பெற்றோர் தாமாகவே முன்வந்து கொடுத்தனர். அது அந்நாட்டு மக்களின் மனத்தை அசைத்தது. அரசும் ஒழுங்கான பதிவு முறையை வகுத்தது. உறுப்புத் தந்தோரின் இறுதிச் சடங்கு அரச மரியாதையுடன் நடைபெறும் என்று 2023இல் அங்கே அறிவிக்கப்பட்டது. மதங்களும் கதவை அடைத்துவிடவில்லை: 1986இல் அம்மானில் கூடிய இஸ்லாமியச் சட்டவியல் மன்றம் மூளை இறப்பை ஏற்றது; 2000இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் அதற்கு இடந்தந்தார். தலவில அன்னம்மாள் ஆலயத்துக்கும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் செல்வோர் ஒரே வைத்தியசாலை வாசலில் நிற்கும் இக்கரையில் இச்செய்தி பயனுடையது. நம் அயலிலுள்ள வடமத்திய மாகாணத்திலே காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோயால் விவசாயிகள் மடிவதை எண்ணினால், இறந்தவரின் சிறுநீரகம் எவ்வளவு பெரிய கொடை என்பதும் விளங்கும். அக்கொடை வரிசைப்படி, நோயின் கடுமைப்படி, பணத்தையும் செல்வாக்கையும் பாராமல் சென்றுசேர்ந்தால் மட்டுமே அது கொடையாக நிற்கும்; இன்றேல் அதுவும் ஒரு சுரண்டலே.

ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் மூளைத்தண்டின் படத்தை வரைந்து பெயர் குறிப்பதோடு நில்லாமல், மூச்சு நின்றவருக்கு மூச்சுக் கொடுக்கும் முறையை ஒவ்வொரு பாடசாலையிலும் கைப்பயிற்சியாகக் கற்பிக்கவேண்டும். மாவட்டத்தின் வைத்தியசாலைகளில் எத்தனை செயற்கைச் சுவாச யந்திரங்கள் இயங்குகின்றன, எத்தனை பழுதுற்றுக் கிடக்கின்றன என்று வருடந்தோறும் கேட்கவேண்டும். மறுமொழி கிடைக்கும்வரை கேட்கவேண்டும். உறுப்புக் கொடை பற்றிய தம் விருப்பத்தை ஒவ்வொருவரும் நலமாயிருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லிவைக்கவேண்டும். துயர்மிக்க இரவொன்றில் தாய் ஒருத்தி தனியே முடிவெடுக்கும்படி விடலாகாது.

1952இல் அந்த மாணவர்கள் தாம் எவருக்காகப் பையை அழுத்துகிறோம் என்று கேட்கவில்லை. ஏழையின் பிள்ளையா, செல்வரின் பிள்ளையா என்று பார்த்து அழுத்தவில்லை. தம் முறை முடிந்ததும் பையை அடுத்தவரின் கையில் கொடுத்துவிட்டு உறங்கச் சென்றனர். அந்தப் பை இன்று நம் கைகளுக்கு வந்திருக்கிறது.